ஒன்று விழுகிறது

காசிமேட்டு வளைவில்
மீன் வண்டி சிந்திவிட்டுப் போன ஐஸ் தண்ணீரில்
நானும் வண்டியும் இடது பக்கமாகப் படுத்தோம்.
பெரிய விழல் இல்லை.
ஒரு ஆள் நீளம் வழுக்கியிருப்போம், அவ்வளவுதான்.
கூடைக்காரி ஒருத்தி சுமையை இறக்கிவைத்துவிட்டு வந்து
சாவியைத் திருப்பி அணைத்தாள்.
எழுந்ததும் நான் பார்த்தது வண்டியைத்தான்.
அண்ணன் எட்வினுடையது.
இன்னும் எட்டுத் தவணை பாக்கி.

கண்ணாடி போகட்டும்.
கிளட்ச் பிடியின் குண்டு தேய்ந்தது, அதுவும் போகட்டும்.
கியர் லீவர்தான்
பயந்த நாயின் காது மாதிரி
இன்ஜினோடு ஒட்டிக் கிடந்தது.

ஒன்று விழுந்தது.
இரண்டு வரவில்லை.
ஒன்றிலேயே கத்திக்கொண்டு
கொருக்குப்பேட்டை கேட் வரைக்கும் வந்தேன்.
கேட் மூடியிருந்தது.
நியூட்ரலும் கிடைக்கவில்லை.
கிளட்சை நெரித்துப் பிடித்தபடி
டேங்கர் வேகன்களை எண்ணினேன், நாற்பத்தாறு,
நடுவில் ஒன்றைத் தவறவிட்டிருக்கலாம்.
பின்னாலிருந்த ஷேர் ஆட்டோக்காரர்
ஹாரனால் என் முதுகைத் தட்டிக்கொண்டேயிருந்தார்.
கேட் மூடியிருப்பது அவருக்கும் தெரியும்.

'இன்னாக்கா, சைடு வாங்கிட்டியா?'
பதிலுக்குக் காத்திராமல் குந்தினான் தஸ்தகீர்.
கேபிளை ஆட்டிப் பார்த்தான். 'இது சரியா கீது.'
நடு ஸ்டாண்டு போட்டுப்
பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே
லீவரை மேலே தூக்கினான்.
இன்ஜின் மூடியில் இடித்து நின்றது.
இரும்புக் குழாயை மாட்டி இழுத்து நிமிர்த்தி,
ஒரு பல் தள்ளிப் பூட்டினான்.
'ஓட்டிப் பாரு.'

தெருமுனை வரை போனேன்.
ஒன்று.
ஒன்று.
ஒன்று.

அதன்பிறகு அவன் சொன்னதெல்லாம் விலையோடு வந்தது.
உள்ளே ஸ்பிரிங் போயிருக்கலாம், எழுநூறு.
ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், ஆயிரத்து எண்ணூறு.
ஃபோர்க் என்றால் இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும்,
இன்னிக்கு ஆவாது, நாளைக்கும் ஆவாது.
எண்ணெய்க் கறை ஸ்டூலில் உட்கார்ந்து
அண்ணனிடம் சொல்ல ஒரு பொய்யை
அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.
லாரி உரசியது.
நாய் குறுக்கே வந்தது.
ஐஸ் தண்ணீர் என்றால் யார் நம்புவார்கள்?

'பிரிக்கறதுக்கு முன்னாடி
நானே ஒரு தபா ஓட்டிர்றேன்' என்று கிளம்பினான்.
சத்தத்தை வைத்துப் பின்தொடர்ந்தேன்.
ஒன்று. இரண்டு.
தண்டவாளத்தின் ஓரமாக மூன்று.
முட்டைக்கடையைத் தாண்டி நான்கு.
ஐந்து கேட்கவில்லை, அதற்குள் தூரம்.

திரும்பி வந்தவன் வண்டியைப் பார்க்கவில்லை.
'ஷூவக் கழட்டு.'

டீயில் ஊறிய பன் போல
வெளியே வந்தது கணுக்கால்.

'அமுக்கும்போது தெரியாது.
தூக்கணும்னாதான் வலிக்கும்.
லீவரு நிமிந்தப்புறம் நீ தூக்கவே இல்லக்கா.
தூக்குனதா நெனச்சிக்கினு இருந்த.'

அதுவரை எங்கேயோ இருந்த வலி
பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து வந்தது.
லீவருக்கு எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.
காலுக்கு ஐஸ் வை என்றான்.
எந்த ஐஸ் என்று கேட்டுச் சிரித்தேன்.
அவனுக்குப் புரியவில்லை.

கடைப் பையன் ஓட்ட, பின்சீட்டில் நான்.
போனில் அண்ணன்:
'வண்டிக்கு ஒண்ணும் இல்லியே?'
இல்லை என்றேன்.
நான் தயாரித்து வைத்திருந்த மூன்று பொய்களும் வீண்.

லீவர் நுனியின் ரப்பரைக் காணோம்.
காசிமேட்டில் கிடக்கும்,
செதில்களுக்கு நடுவே, கறுப்பாக.
வெறும் இரும்பைப் பையன் கால் தூக்கும்போதெல்லாம்
காற்றில் தொங்கும் என் கட்டைவிரலும்
கொஞ்சம் எழப் பார்க்கிறது.