இன்றேல், ஏன்?

செவ்வாய் மூன்று பத்துக்குத்
தொலைநகலில் வந்தது கேள்வி. இலக்கம் 417.

(அ) சல்லி இறங்குதுறையின் பலகைகள் இற்றுவிட்டன என்பதை
அமைச்சர் அறிவாரா?
(ஆ) ஆமெனில், எப்போது திருத்தப்படும்?
(இ) இன்றேல், ஏன்?

அமைச்சர் அறியமாட்டார்.
அதனால் செயலாளரைக் கேட்டார்,
செயலாளர் பணிப்பாளர் நாயகத்தை,
அவர் மாவட்டத்தை,
மாவட்டம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று
"ஜெசிமா, நாளைக்குப் பத்து மணிக்குள்ள" என்றது.
வாசலில் ஒரு மான்
போன வருடத்துச் சுற்றறிக்கையை மென்றுகொண்டிருந்தது.

இந்தக் கேள்வி பிறந்த இடம் எனக்குத் தெரியும்.
மாசியில், ஒரு செத்தவீட்டில்,
காலில் மாவுக்கட்டோடு பிலேந்திரன்
எம்பியின் வாகனக் கதவை விடாமல் பிடித்தபடி சொன்னது.
எம்பி அதைக் கண்ணீர் அஞ்சலித் தாளின் பின்பக்கம் எழுதினார்.
இருநூற்று இருபத்தைந்து பேர் இருக்கும் அவைக்குள்
அப்படித்தான் நுழைந்தது ஒரு பலகை.
நுழைய கார்த்திகை ஆகிவிட்டது.

அளவுநாடாவோடு போனேன்.
மறுமுனையைப் பிலேந்திரன் பிடித்தார்.
பதினான்கில் எட்டுப் பலகை இல்லை என்றேன்.
ஒன்பது என்றார்.
ஒன்பதாவது இருக்கிறதே என்று மிதித்தேன்.
ஒன்பது என்றே எழுதினேன்.
வாடைக்காற்று. காலுக்குக் கீழே
கடல் எழுந்து எழுந்து விழுந்தது.

(அ) ஆம்.
(ஆ) நிதி கிடைத்ததும்.
(இ) எழாது.

அப்படித்தான் எழுதவேண்டும், மரபு.
ஆம் என்று சொல்லிவிட்டால்
அங்கே ஏன் என்பது எழாது.

பதினெட்டாம் நாள், துறையடியில், அவருடைய கைபேசியில் பார்த்தோம்.
செங்கோல் மேசையில். கதிரைகள் பாதிக்கு மேல் வெறுமை.
கூட்ட நடப்பெண் இல்லை என்றார் யாரோ.
மணி அடித்தது.
உதட்டைத் துடைத்தபடி ஒவ்வொருவராய் வந்தார்கள்,
இருபதானதும் மணி ஓய்ந்தது.
எம்பி இலக்கத்தைச் சொன்னார்.
அமைச்சர் எழுந்து, சிங்களத்தில்,
சல்லி பற்றிய விடையைச் சபாபீடத்தில் வைப்பதாகச் சொன்னார்.
சிங்களத்தில் சல்லி என்றால் காசு.
எதிர்வரிசையில் மூன்று பேர் சிரித்தார்கள்.
மொத்தம் நாற்பது விநாடி.

"எங்க வைச்சவராம்?" என்றார் பிலேந்திரன்.
மேசையில, என்றேன்.
"ஒன்பதையுமோ?"

எம்பி உட்காரவில்லை. மேலதிக வினா:
எந்த மாதம்?
அமைச்சர் பின்னால் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.
தகவல் பெற்றுத் தருகிறேன் என்றார்.

தகவல் என்றால் நான்.
நாடா இன்னும் பைக்குள்தான் கிடக்கிறது,
முனையில் உப்புப் பூத்து.