மஞ்சள் சட்டை

பத்தொன்பது ஆட்டம், ஒரு தோல்வி இல்லை.
துறைமுக அணியை யார் கவிழ்க்கப்போவது என்று
பக்கத்து மன்சூர் கடையில்
நாலு நாளாகத் தே தாரிக்கை ஆறவிட்டுச்
சண்டை போடுகிறார்கள்.
ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.
அரையிறுதிக்கு வந்த நாலு அணிச் சட்டையும்
டத்தோ கிராமாட் சாலையில்
என் டோபிக் கடையில்தான் சுற்றுகின்றன.

ஜெலுத்தோங் என்கிறார் தனபாலன்,
ஒரு காலத்தில் கோட்டோரம் கொடி பிடித்தவர்.
பத்தாம் எண் பையன் ஹஃபிஸுல்
ஒருத்தன் போதுமாம்.
அவன் சட்டை எனக்குத் தெரியும்.
தோள் தையலை வாரா வாரம் பிரித்து வைக்கிறார்கள்
இழுத்துப் பிடிக்கிறவர்கள்.
பிழிந்தால் அரை வாளி வியர்வை.
மற்றப் பத்தும்
அலமாரியிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி
வாசனைத் தெளிப்போடு வருகின்றன.
ஒரு சட்டை மட்டும் நனைகிற அணி
எத்தனை தூரம் போகும்?

ஆயர் ஈத்தாம் பழைய மாணவர் என்கிறான்
நாலு நம்பர் எழுதும் ஆ செங்.
அவர்கள் காலுறையில் தைலப் பிசுக்கு,
மூன்று அலசலுக்கும் போகாது.
பெனால்டி வரை இழுத்துவிட்டால்
அந்த நாற்பது வயது நிதானம் ஜெயிக்கும்,
ஒப்புக்கொள்கிறேன்.
அதுவரை இழுக்க முழங்கால் யார் தருவது?

பிறை கையுறைத் தொழிற்சாலையை
யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை.
இரவு வேலை முடித்து
ஃபெர்ரியில் உட்கார்ந்தபடியே தூங்கி வருகிறவர்கள்.
ஏழாம் எண் சட்டை ஒன்று, ஆள் இரண்டு.
கூலியைச் சில்லறையாக எண்ணித் தருவார்
அவர்கள் பயிற்சியாளர் அமலதாஸ்,
பத்து காசு குறைந்தால் முகம் சிவப்பார்.
ஆனால் பாருங்கள்,
அத்தனை பேருக்கும் இடது இடுப்பில் புல்கறை.
உட்கார்ந்தே இருக்க வேண்டிய பதினாலாம் எண்ணுக்கும்
இடது இடுப்பில் புல்கறை.

நான் ஐந்து வெள்ளி கட்டினேன்.
"கோமளாக்காவுக்குப் பந்து தெரியுமா?"
சிரித்தார்கள்.
தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று
என் வீட்டுக்காரர் ஏழு முறை சொல்லியும்
ஏறவில்லை.

நான் பிறைக்காகக் கட்டினது
பிறையைப் பார்த்து மட்டுமில்லை.
துறைமுக அணிக் கோல்கீப்பர்,
ஷாருல்நிசாம் என்று பெயர், மஞ்சள் சட்டை.
பத்தொன்பது வாரமாக
நான் போட்ட இஸ்திரி மடிப்பு கலையாமல்
திரும்பி வருகிறது அது.
துவைக்காமலே கொடுக்கலாம்;
மனசு கேட்காமல் துவைத்தேன்.
ஊரே சொல்கிறது, அவனைத் தாண்டிப் பந்து போகாதென்று.
அவன் வரைக்கும் எப்போது போயிற்று?
அவன் கெட்டிக்காரனா இல்லையா,
யாருக்கும் தெரியாது.
அவனுக்கே தெரியாது, பாவம்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே மழை.
பாடாங் பிரவுன் பக்கமிருந்து
ஒரு சத்தம் எழும்பியது,
அப்புறம் ஒன்று, அதைவிடப் பெரிதாய்.
யாருடையதென்று பிரிக்க முடியவில்லை.
உலர்த்தும் இயந்திரத்தில் யாரோ விட்ட நாணயம்
டக் டக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது.
மன்சூர் கடை நாற்காலிகள் காலி.

ஏழரைக்குத் துறைமுகத்துப் பையன்
மூட்டையை இறக்கினான்.
வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.
ரசீது எழுதும்போது அவன் கை நடுங்கியது,
குளிராகவும் இருக்கலாம்.

முடிச்சை அவிழ்த்தேன்.
மேலாக மஞ்சள் சட்டை.
மார்பில் சேறு, இரண்டு முழங்கையிலும் சேறு,
கழுத்துப் பட்டிக்குள் புல்,
முதுகில் ஒரு முழு நீளத்துக்குச்
சறுக்கின தடம்.

வெளியே தனபாலனின் செருப்புச் சத்தம்
கடையை நோக்கி வருகிறது.
அந்த ஐந்து வெள்ளி இருக்கட்டும்.
இதை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்.
சுடுநீர் பட்டால்
கறை நிலைத்துப் போகும்.