உருகல்

பெரியகல்லாற்று ஐஸ் பெக்டரியில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
விடிய மூன்றரைக்குக் கட்டிகள்
தகரப் பெட்டியை விட்டு வழுக்கி வரும்.
ஐம்பது கிலோ, ஐம்பது கிலோ என்று
நீலப் பேனையால் கோடு போடுவேன்.
ஏற்றும்போது ஒரு கணக்கு.
ஓட்டமாவடியில் றபியுதீன் நானா இறக்கும்போது
இன்னொரு கணக்கு.
இடைவழியில் இல்லாமற் போனதை
"உருகல்" என்ற கட்டத்தில் எழுதுவோம்.
அந்தக் கட்டத்துக்கு மட்டும்
யாரும் கையெழுத்து வைப்பதில்லை.

இடுப்பு நோவுக்கென்று போனேன்
பிரதேச சபை மண்டபத்து யோகா வகுப்புக்கு.
பதினேழு பெண்கள், ஒரு மின்விசிறி.
கோகுலவாணி மிஸ் மூச்சை எண்ணச் சொன்னா.
நாலுக்கு இழு, ஏழுக்கு நிறுத்து.
எண்ணுவது நான் சம்பளத்துக்குச் செய்கிற வேலை.
ஏழாவதில் ஐஸ் கட்டிதான் வந்து நின்றது.

மறுகா ஒரு நாள் பலகையில் எழுதினா:
அறிவின் வழி, செயலின் வழி, தியானத்தின் வழி.
கடைசியாக, இடம் போதாமல், ஓரத்தில் சரித்து
அன்பின் வழி.
"இதுதான் லேசானது.
படிக்காத சனத்துக்கும் ஏலும்."
நான் பாயைச் சுருட்டினேன்.

லேசா?

எங்கள் கண்ணகை
வைகாசியில் சில நாள் கதவு திறப்பாள்.
குளிர்த்தி முடிந்ததும் அடைப்பு.
மிச்ச வருஷம் முழுக்க ஒரு பூட்டு.
அதில் கடற்காற்று கொண்டுவந்த துரு,
படியில் ஆட்டுப் புழுக்கை.
வேலை விட்டு வரும்போது
சைக்கிளில் ஒரு கால் ஊன்றி அந்தப் பூட்டைப் பார்ப்பேன்.
கேட்க ஒன்றுமில்லை.
கேட்க வேண்டியதைத் தொண்ணூறாம் ஆண்டே கேட்டாயிற்று,
அண்ணனுக்காக, மூன்று மாதம், உப்பில்லாமல் தின்று.
அவள் தரவில்லை.
அதற்குப் பிறகும் வருகிறேனே,
இதைப் பலகையில் எங்கே எழுதுவது மிஸ்?

கோபம் இல்லாமலில்லை.
இரண்டு வைகாசி, கதவு திறந்த நேரம்
முதுகு காட்டி நின்றேன்.
சிலம்புச் சத்தம் முதுகில் விழுந்தது.
முகம் பார்த்து நின்ற வருஷங்களில்
அவ்வளவு கிட்டத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

போன வருஷம் குளிர்த்தியன்று
ஒரு முழுக் கட்டியைச் சம்பளத்தில் கழிக்கச் சொல்லி வாங்கினேன்.
உமி தூவி, சாக்குச் சுற்றி,
கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனேன்.
எரிகிறவளுக்கு வேறென்ன கொண்டு போக?
வண்ணக்கர் சாக்கை விலக்கிப் பார்த்தார்.
"புள்ள, இது நம்மட வழக்கத்தில இல்லையே."
மெய்தான். வேம்படியில் இறக்கினேன்.
பெடியன்கள் சில்லு உடைத்துச் சப்பினார்கள்.
கச்சான்காரி தன் சோடாப் போத்தல்களைக்
கேட்காமலே அதில் சாத்தி வைத்தா.

உள்ளே உடுக்கு ஏறியது.
தண்ணீர் அவள் வாசல் பக்கம் போகும் என்று
ஓர் ஆசை இருந்தது, ஏன் ஒளிப்பான்.
அது மற்றப் பக்கம் ஓடியது,
கழற்றி விட்ட செருப்புகளுக்கிடையால்
ரோட்டு வாய்க்காலுக்கு.
ஒரு நாய் வந்து நக்கியது.
எனக்குச் சிரிப்பு வந்தது, வாய்விட்டு.
பக்கத்து மனிசி
நான் குரவை போடுகிறேன் என்று நினைத்துத்
தானும் போட்டா. அதைக் கேட்டு அடுத்தவ.
கோயில் சுற்றிக் குரவை போய்
திரும்ப என்னிடம் வந்தபோது
அது அழுகையாக மாறியிருந்தது. எனக்கு மட்டும்.

சனம் கலைந்த பிறகு
வேம்படியில் வட்டமாக ஈரம், அதன் மேல் உமி.
அதில் வெறுங்காலோடு நின்றேன்.
எத்தனை மூச்சு என்று தெரியாது.

இப்போது ஆவணி. பூட்டுக்கு
யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.
இடுப்பு நோ அப்படியே.
காலையில் நானா போனில் கத்துகிறார்:
"தங்கச்சி, இண்டைக்கு உருகல் கூடிப் போச்சு,
இத ஆர்ட கணக்கில எழுதுற?"

"என்ட கணக்கில போடுங்க, நானா."