விகுதி

திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் வாசலில்
பைகளைப் பிரித்து மண்ணெண்ணெய் தேடுகிறது போலீஸ்.
எதிரே புங்கமரத்தடியில் என் மேசை,
ஒரு கம்ப்யூட்டர்,
கரன்ட்டுக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் தயவு.
பட்டா, முதியோர் பென்சன், அடங்கல் திருத்தம்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஓர் இளைஞர் வந்தார்.
பின்னால் அவருடைய அம்மா.
கூடவே செல்லூர் ரோகிணி:
அந்த ஆபீஸில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும்,
மீதிப் பேரை அவளுக்குத் தெரியும்.

"பேரு மாத்தணும். பாலினமும்."

பழைய பெயரை மனுவில் ஒருமுறை அடித்தேன்.
இங்கே அடிக்கப் போவதில்லை.
புதிய பெயர் காசிமாயன்.
ஆண்பிள்ளை பிறந்தால் வைக்க எடுத்துவைத்ததாம்.
மூன்று பிரசவத்திலும் செலவாகவில்லை.
"சும்மாதான கிடந்துச்சு, நான் எடுத்துக்கிட்டேன்" என்றார்,
பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியைச் சொல்வதுபோல.

"அவர் இவர்னு நல்லா நழுவுற நீ" என்றாள் ரோகிணி.
"அவன் கேக்குறது மரியாதை இல்ல.
ஒரு 'ன்'."

சரி. அவன்.

படிவத்தில் மூன்று கட்டம்: ஆண், பெண், திருநங்கை.
"நங்கைக்குக் கட்டம் போட்டவங்க
நம்பியை மறந்துட்டாங்க.
இன்னொரு தாள்ல மூன்றாம் பாலினம்னு இருக்கும்.
மூணாவதுன்னா,
யாரு எங்க நின்னு எண்ணுனது?"
அவன் எதுவும் பேசாமல் முதல் கட்டத்தில் விரல் வைத்தான்.
விரல் நுனியில் சைக்கிள் கடைக் கறுப்பு.

உள்ளே ஒலிபெருக்கி "டோக்கன் ஒன்பது" என்றது.
வரிசையில் எவனோ இவளைப் பார்த்துச் சிரித்தான்.
ரோகிணி திரும்பினாள்:
"எட்டுக்கு அப்புறம் என்னடா வரும்? நீ சொல்லு."
அவன் சொல்லவில்லை.
பத்தைக் கூப்பிட்டார்கள்.

வந்தேன், அடித்தேன், பார்த்தேன்.
இவ்வளவு சொல்லியும்
நான் ஆணா பெண்ணா என்று உங்களுக்குத் தெரியாது.
தமிழ் என்னிடம் அதைக் கேட்கவில்லை.
வந்தாய், இருக்கிறாய் என்று
முகம் பார்த்துச் சொன்னாலும் கேட்காது.
ஆள் எழுந்து நாலு எட்டு நகர்ந்த பிறகுதான்
காலியான ஸ்டூலில் வந்து உட்காருகிறது
ஓர் ஆன், ஓர் ஆள்.

அம்மா அப்போதுதான் வாய் திறந்தார்:
"அது காலையில இருந்து ஒண்ணும் திங்கல."

சுருக்கென்றது எனக்கு.
பஸ்ஸில் ரோகிணியைக் காட்டி
"அது ஏறுது பாரு" என்பவர்களை அறிவேன்.
ஆனால் என் வீட்டிலும்
அக்கா சொல்லுச்சு, அம்மா திட்டுச்சுதான்.
ஊரே அப்படித்தான் பேசுகிறது, பிரியமாக.
எறியவும் ஊட்டவும் ஒரே 'அது'.
இந்த அம்மா எதைச் செய்கிறார் என்று
என்னால் பிரிக்க முடியவில்லை.
அவரால் முடிந்திருக்குமா,
அதுவும் தெரியவில்லை.

திரையில் திருநம்பிக்கு அடியில் சிவப்பாக நெளிந்தது கோடு.
"என்னது, தப்பா?" என்றார் அம்மா.
"மெஷினுக்கு இந்த வார்த்தை தெரியாதும்மா."
"எனக்குந்தான் தெரியாது,
போன மாசி வரைக்கும்."
அகராதியில் சேர் என்பதை அழுத்தினேன்.
கோடு போனது.
"அம்புட்டுதானா?"
"இந்த மெஷின்ல அம்புட்டுதான்.
பக்கத்து மேசைக்குப் போனா மறுபடி வரும்."

எண்பது ரூபாய். போனில் அனுப்பினான்.

வாசலில் சோதனைக்கு இரண்டு வரிசை,
நடுவே நைலான் கயிறு.
ரோகிணி எப்போதும்போல
பெண் காவலர் முன்னால் போய் நின்று
கைகளை விரித்தாள்.
அவன் ஆண்கள் வரிசையில் ஐந்தாவதோ ஆறாவதோ.
அம்மா கயிற்றின் இந்தப் பக்கம் நின்றார்,
கையில் கவர்.
வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏய், இந்தா,
மனுவ விட்டுட்டுப் போற."

கயிற்றுக்கு மேலே கை நீண்டது.
வாங்கிக்கொண்டதை நான் பார்க்கவில்லை;
அடுத்து வந்தவர் மறைத்துவிட்டார்.
அவருக்கு அடங்கலில் அப்பா பெயர் தப்பு.