அறுபத்திரண்டு தினார்

சால்மியாவில் பேரம் பேசி வாங்கியது.
வார்டில் முழங்கைக்குக் கீழே
எதுவும் கட்டக்கூடாது.
பன்னிரண்டு மணி நேரம் லாக்கரில் கிடந்துவிட்டு
சாயங்காலம் கேட்கிறது:
இன்று நீங்கள் நடக்கவே இல்லையே?

ஏழாம் படுக்கைக்காரரின் நாடியை
இரண்டு விரலும் சுவர்க் கடிகாரமுமாகத்தான் எண்ணினேன்.
தப்பவில்லை.

தண்டச் செலவு என்கிறாள் ரெக்ஸலின்.
எத்தனை மாத பஸ் காசு என்று
வகுத்தும் காட்டுகிறாள்.
சரிதான்.
என் தூக்கத்துக்கு அது போடும் மார்க்
முப்பத்தெட்டு;
அதைச் சொல்ல ஒரு வாட்ச் வேண்டுமா?

நாலே முக்காலுக்கு
மணிக்கட்டில் மட்டும் ஒரு குறுகுறுப்பு.
ஒரே அறை, நாலு கட்டில்.
ஒரு மணிக்கு வந்து படுத்த ரெக்ஸலின்
புரளக்கூட இல்லை.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கதவைச் சாத்தினேன்.