நகக்குறிகள்

பயம் வருமுன்பே உங்களுக்கெல்லாம்
வயலின் சொல்லிவிடுகிறது.
எனக்குத் தம்பி அமாதெயுவின் நகம்.

ஆறு வயதில் ஒரு மூளைக்காய்ச்சல்
காது இரண்டையும் எடுத்துக்கொண்டு போனது.
பதிலுக்குக் கிடைத்தது
போர்த்தோவில், ஆற்றுக்கு இறங்கும் சந்தில்,
மூட்டைப்பூச்சிக்குப் பேர்போன கொட்டகையின்
சனிக்கிழமை இரவுக் காட்சி.
அம்மாவுக்கு மத்தி அடைக்கும் ஆலையில் இரவு வேலை.
டிக்கெட் கிழிக்கும் எவரிஷ்து
எங்கள் வயதைக் கேட்டதே இல்லை.

அமாதெயு கோழை.
பேய்க்கு இரண்டு விநாடி முன்னால்
என் மணிக்கட்டில் பிறை பதிப்பான்.
வீட்டுக்கு வந்து விளக்கடியில் எண்ணுவேன்.
என் பட்டியல் தோலில் எழுதிய பட்டியல்.

ஜார்ஜிய மலையில் எடுத்தது ஒன்று.
மேய்ப்பன் மாலைதோறும் ஆடுகளை எண்ணுகிறான்.
மாலைதோறும் ஒன்று கூடுகிறது.
அவ்வளவுதான். ரத்தம் ஒரு சொட்டு இல்லை.
பதினேழு பிறை.
தூக்கம் வராத இரவில் இன்றும்
ஆட்டை மட்டும் எண்ண மாட்டேன்.

காற்றே இல்லாத பகலில்
கொடியில் காயும் சட்டைக்குள்
யாரோ மெல்லத் தோள் நுழைக்கும் படம்
ஒன்பதுதான். ஆனால் ஒரு மாதம்
அமாதெயுவின் துணியை நான்தான் எடுத்தேன்,
ஒவ்வொன்றாக உதறி.

ரொட்டிமாவு மூச்சுவிடும் இத்தாலியப் படத்தைச்
சொன்னால் சிரிக்கிறார்கள்.
விடியலில் ஃபிலொமேனாவின் பேக்கரிக் கண்ணாடியில்
மூக்கை ஒட்டிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அயல்நாட்டுப் பேய்களுக்கு மரியாதை தெரியும்.
திரையின் அடியில்
எங்கள் மொழியில் எழுதிக்காட்டி மிரட்டும்.
உள்ளூர்ப் பேய்களுக்கு அந்த வழக்கம் இல்லை.
போர்த்துகீசியப் படத்துக்குப்
போர்த்துகீசிய எழுத்து எதற்கு என்று
வாயை மட்டும் அசைக்கும்.
செத்தவர்களின் உதட்டைப் படிப்பது கடினம்.

அப்படி ஒன்றுதான் என் முதலிடம்.
உப்பளத்து வீடு. ஒரு தாய். மூன்று கட்டில்.
நள்ளிரவில் எழுந்து
தூங்கும் பிள்ளைகள்மேல் உப்புத் தூவுகிறாள்,
உதடு ஓயாமல்.
கதவடியில் தண்ணீர் கசிகிறது.
கடலில் போனவன் ஈரத்தோடு திரும்பிவந்து
பிள்ளைகளைக் கேட்கிறான்,
இவள் தர மறுக்கிறாள் என்று
நானே வசனம் எழுதிக்கொண்டேன்.
அழுதுகொண்டே பார்க்கும் பேய்ப்படம்
எனக்கு அது ஒன்றுதான்.
இருபத்தாறு வருடம் அழுதேன்.

போன கிறிஸ்துமஸுக்கு
லக்சம்பர்க்கிலிருந்து வந்தான் அமாதெயு.
(பேய்க்குப் பயந்தவன் அங்கே
பதினோராம் மாடியில் சாரம் கட்டுகிறான்.)
மேசையில் காட் கருவாடு,
உருளைக்கிழங்கு, அவித்த முட்டை.
கையால் சொன்னான்:
இல்லை அக்கா. அவள் காக்கவில்லை.
பதப்படுத்துகிறாள். குளிர்காலத்துக்கு.

என் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.
அது அவன் பார்த்த படம்.
நான் பார்த்ததில் அவள் காக்கிறாள்.
கருவாட்டை அவன் தட்டுக்குத் தள்ளினேன்.
இரண்டாவது முறையும் வாங்கித் தின்றான், பாவி.

ஜனவரியில் தனியாகப் போனேன்,
பேரங்காடியின் நாலாம் தளத்து அரங்குக்கு.
இருக்கை சுத்தம். மணிக்கட்டு வெறுமை.
நாள் சொல்லாமல் வருகிறவர்தானே அதிதி?
அப்படி வந்தது பேய்.
முன்வரிசைத் தலைகள் மொத்தமும்
என் பக்கம் திரும்பியபோதுதான் தெரிந்தது
நான் கத்தியிருக்கிறேன்.
எப்படி இருந்தது என் குரல்?
பக்கத்து இருக்கைக்காரன்
பாப்கார்னை மடியிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தான்.

பேருந்தின் மங்கல் வெளிச்சத்தில் கையைத் திருப்பினேன்.
நான்கு பிறை. சின்ன அளவு.
என் நகம்தான்.
பேய்க்கு முன்னாலா, பின்னாலா,
சத்தியமாகத் தெரியவில்லை.

படமெடுத்து அமாதெயுவுக்கு அனுப்பினேன்.
எந்தப் படம் என்று கேட்டான்.
நான் தட்டச்சு செய்வதற்குள் அடுத்தது வந்தது:
சொல்லாதே.