தண்ணீர் பிடிக்காது

மூன்றாம் மாடி ஃபிராவ் ட்ஸ்பிண்டன்
டெசினுக்குப் போகையில்
சாவியோடு ஒரு தாளும் தந்தாள்.
காலையில் அரைப் பேணி, மாலையில் மிச்சம்.
மண்பெட்டி ஒன்றைவிட்டொரு நாள்.
கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு:
பொலெந்தாவுக்குத் தண்ணீர் பிடிக்காது.

மஞ்சள் பூனை. சோளக்களியின் பெயர்.
பெர்ன் நகரத்தில் பூனைக்கும் ஏணி உண்டு,
சுவரோரமாய், ஜன்னலுக்கு ஜன்னல்.
மழையில் அவள் இறங்குவதைப் பார்க்க வேண்டும்:
ஒவ்வொரு படிக்கும் ஒரு காலை உதறி
கடன் வாங்கி ஒளித்த ஆளை முறைப்பதுபோல
வானத்தை முறைத்து
என் ஜன்னலுக்கு வந்ததும்
என் இரவுச் சட்டையில் துடைத்துக்கொள்வாள்.

ஏன் என்று கேட்டால் எல்லாரிடமும் பதில் இருக்கிறது.
பாலைவனத்திலிருந்து வந்த சாதி, என்கிறார் குகதாசன்,
போனில் வாசித்துவிட்டு.
மயிர் நனைந்தால் செம்மறிபோலக் கனக்கும்.
தன் மணம் கழுவுப்பட்டுப் போனால்
தான் யாரென்று தனக்கே தெரியாமல் போகுமாம்.
இருக்கலாம்.

முதியோர் இல்லச் சலவை அறையில்
என்னோடு நிற்கும் மார்லிஸும் ஒரு ஜூலையில் கேட்டாள்,
கெட்ட எண்ணம் இல்லாமல்:
உங்கள் ஆட்களுக்கு ஏன் தண்ணீர் பிடிப்பதில்லை?
அன்று நகரம் முழுக்க ஆறேயில் மிதந்துகொண்டிருந்தது.
வங்கி மேலாளர், தபால்காரி, பல் வைத்தியர்,
தக்காளிப் பழம்போலத் தலைகள்.
நான் கரையில், பைகளுக்குக் காவல்.
பத்தொன்பது கோடையாக அதுதான் என் உத்தியோகம்.
கடலுக்கு முந்நூறு அடி தள்ளிப் பிறந்தவள்,
கணுக்காலுக்கு மேலே கடலைத் தெரியாதவள்.
அண்ணன்மார் பாய்ந்தார்கள்.
அவர்களின் சேட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பிடிக்குமா பிடிக்காதா என்று
அதுவரை யாரும் கேட்டதில்லை.

செவ்வாய் இரவுகளில் இப்போது நீச்சல் வகுப்பு.
வீட்டில் ஜெர்மன் வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.
இருபது வருஷம் கழித்து இன்னும் ஜெர்மனா என்று
ஒருவரும் சந்தேகப்படவில்லை.
நாங்கள் ஆறு பேர்,
ஒரு எரித்திரியாக்காரி, அண்மையில் மணமுறிந்த ஒரு தச்சர்,
இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி
நெரிசல் பஸ்ஸில் நிற்பதுபோல நிற்போம்.
திரும்பும் வழியில் கையை முகர்ந்து பார்ப்பேன்: குளோரின்.
நான் யாரென்று எனக்கே கொஞ்சம் தெரியாமல் போகும்.
அது பிடித்திருக்கிறது.
நீச்சலுடையைக் கீழே உலர்த்தும் அறையில்
போர்வைகளுக்குப் பின்னால் தொங்கவிடுகிறேன்.

ரெகுலா டீச்சர் தந்த வீட்டுப்பாடம்:
முகத்தை உள்ளே வை. மூக்கால் ஊது. பத்து எண்ணு.

குகதாசன் இரவு வேலைக்குப் போனதும்
தொட்டியை நிரப்பி முழங்காலில் நின்றேன்.
மூன்றில் பயம் வந்தது.
ஐந்தில் காதுக்குள் யாரோ அரிசி களைந்தார்கள்.
ஏழில் கண்ணைத் திறந்தேன்.
மேலே, விளிம்பில், மஞ்சளாய் ஒரு நிழல்.
ஒரு கை இறங்கியது,
நகம் உள்ளே, விரல் விரித்து,
என் மூக்கிலிருந்து போன குமிழிகளை
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது.

திடுக்கிட்டு நிமிர்ந்தேன், இருமினேன்.
அவள் ஓடவில்லை.
மணிக்கட்டுவரை நனைந்த கையை
நக்கினாள், யோசித்தாள்,
மறுபடி விட்டாள்.

யாரும் தூக்கிப் போடாத தண்ணீர்
வேறு ருசி போலும்.
தெரியாது. நான் பூனை இல்லை.

அதற்குப் பிறகு ஒன்பது இரவு.
நான் இருபத்திரண்டு வரை எண்ணினேன்.
அவள் ஒருமுறை முழங்கைவரை போனாள்,
ஒருமுறை தவறி விழுந்தாள்.
அதைப்பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

ஞாயிறு மாலை ஃபிராவ் ட்ஸ்பிண்டன் வந்தாள்,
வெயிலில் சிவந்து, ஒரு தேன் போத்தலோடு.
தண்ணீர்ப் பக்கம் போகவில்லையே?
சீச்சீ, என்றேன்.
பிரிட்ஜுக்கு மேலே இருந்தபடி
எங்கள் இருவரையும் பார்த்தாள் பொலெந்தா.
வால் நுனி இன்னும் முழுதாய்க் காயவில்லை.
என் தலையும்தான்.